அந்தோனியாருக்குப் போட்ட நன்றி

டூங்கபி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் அன்ரனுக்கு,

அந்தோனியார் துணையால் நானும் அண்ணனும் சுகம். நீயும் மருமகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இதைப் போனில் சொல்லப் பயம். அதனால்தான் அமெரிக்கா வரும் விமலாதேவியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நீ தலைவரானதும், வாஷிங்டனில் உனக்குத் தேசிய விருது தரப்போகிறார்கள் என்பதும் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோசத்தில் ஒரு பிழை விட்டுவிட்டேன். நேர்த்தி வைத்தால் நன்றி அறிவித்தல் போடாமல் இருக்கலாமா? கோயில் ஃபேஸ்புக்கில் போடக் கொடுத்தேன். இயக்கத்தில் இருந்த மூத்த மகன் எறிக்கை இங்குள்ள வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமிலிருந்தும், இளைய மகன் அன்ரனை ஈராக் போரிலிருந்தும் மீட்டுத் தந்ததற்கு நன்றி என்று. உங்கள் இரண்டு பேருடைய படமும் கொடுத்தேன்.

இருநூறு பேர் ஆமென் போட்டார்கள். அமெரிக்காவில் உங்கள் பக்கத்துத் தமிழர் ஒருவர் மட்டும், அன்ரனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லையே என்று கேட்டிருந்தார். அண்ணன் இயக்கம் என்று தெரிந்தால் உனக்குத் தரமாட்டார்களென்று பயந்து, குடியுரிமைப் படிவத்தில் ஒரே பிள்ளை என்று எழுதச் சொன்னது நான்தானே. கோயில் ஃபேஸ்புக்கைப் பார்க்கும் பேதுரு உடனே அழித்துவிட்டார். ஆனாலும் யாராவது படம் எடுத்து வைத்திருக்கலாம் என்கிறார்.

குடியுரிமை இல்லாமல் நாடு கடத்தப்படும் பழைய படைவீரர்களுக்காக நீ அந்த விருது மேடையிலேயே பேசப்போகிறாயாம். நல்ல காரியம்தான். ஆனால் பெரிய இடத்தைப் பகைத்தால் முதலில் உன் படிவத்தைத்தானே எடுத்துப் பார்ப்பார்கள்? உன்னையும் பிடித்து அடைத்தால் என்ன செய்வேன்? நாலு வருடம் சனிக்கிழமை தவறாமல் வில்லாவுட் வாசலில் நின்றவள் நான். அமெரிக்காவில் எந்த வாசலில் போய் நிற்பதென்றுகூட எனக்குத் தெரியாது.

எறிக்கிடம் சொல்லி அழுதேன். "என்னைத் தெரியாதெண்டு சொல்லட்டும் அம்மா, நான் கோவிக்கமாட்டன்" என்றான். பிறகு குசினிக்குள் போய், கழுவி வைத்த கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஆகவே யாராவது கேட்டால் அண்ணன் இல்லையென்றே சொல், ராசா. ஆனால் அதைச் சொல்லும்போது கமராவைப் பார்க்காதே. நீ விருது வாங்குவதை டிவியில் பார்க்க அவன் வேலைக்கு லீவு போட்டிருக்கிறான்.

மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
பிலோமினம்மா