நம்ம கடை விளம்பரத்த வெட்டுனது நாந்தான்

ஆமாப்பா, படத்த டேப்பு பண்ணும்போது விளம்பரம் வந்தா நிறுத்தி நிறுத்தித்தான் எடுத்தேன். கேபிள்ல வந்த நம்ம ஜவுளிக்கடை விளம்பரமும் அதோட போச்சு. அதுக்குக் காலைல பேசாமலே சீவில்லிபுத்தூர் கடைக்குப் போயிட்டிய. நான் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்.

புளிக்குழம்பு அடுப்புல இருக்கு, சுடவச்சுக்கோங்க. சாப்பிட்டுப் போகையில சாவிய பக்கத்து வீட்டு மைக்கேல் அண்ணாச்சிட்ட குடுத்துருங்க.

மறுபடி ஓடுன நம்ம விளம்பரத்த மட்டும் டேப்பு பண்ணி வீடியோ டெக்குல வச்சிருக்கேன். மூணு நிமிசமும் நீங்க வாசல்ல கும்புட்டுக்கிட்டே நிக்கிய. ரிமோட்ட கையில வச்சுக்கிட்டுப் பாருங்க.

நான் செட்டியார்பட்டி மாமாட்ட வீடியோ கேமரா வாங்கப் போறேன். அடுத்த விளம்பரத்த நாந்தான் எடுப்பேன்.

வேதமணி

பொறவு ஒண்ணு: உண்மையச் சொல்லுங்கப்பா, எந்த எடத்துல ஃபார்வர்டு பட்டன அமுக்குனிய?