அண்டாவின் அந்தப் பக்கத்துப் பிடி

ஜனவரி 19, திங்கள்

இன்றைக்குப் பள்ளிக்கூட அடுப்பங்கரையில் இருந்தவர்கள்: நான், தையல்நாயகி, வாட்ச்மேன் கேசவன், ருசி பார்க்க வந்த ஜென்சி டீச்சர், பத்தாவது படிக்கும் ஜீவிதா. ஜன்னலுக்கு வெளியே விக்கி.

ஆற்றோரத்தில் எங்கள் குடிசைகளை இடித்து இந்த பிளாக் வீடுகளுக்கு விரட்டிய அன்று முந்நூறு பேர் நின்று பார்த்தார்கள். மறுவாரம் ஆபீசர் வந்து கேட்டபோது ஒருத்தனும் அங்கே இல்லையாம். ஒருத்தன் கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஒருத்திக்குத் தலைவலி. அந்த நாளிலிருந்து யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்கிறேன். அஞ்சாவது வரைதான் படிப்பு. பேர் எழுத அது போதும்.

பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறரை வரை. வெறும் வயிற்றில் கணக்குப் பாடம் ஏறுமா? அதற்குத்தான் அரசாங்கம் சுண்டல் கொடுக்கிறது. வேக வைப்பது எங்கள் மகளிர் குழு. குழு என்று பத்துப் பேர் பெயர் இருக்கிறது. அடுப்பில் வேகிறவர்கள் நானும் தையலும்தான்.

விக்கி ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா ஆயா, இன்னிக்கு இன்னா சுண்டல்?"

"பசங்களுக்குக் கடலை. ஒனக்கு ஒண்ணுமில்ல."

"ஒரு பக்கெட்டு குடு ஆயா. நம்மாளுங்க மொட்டமாடில குந்தினு கீறானுங்க. சைடிஷ் இல்லாம சரக்கு தொண்டையில எறங்கல."

"எறங்கலன்னா கழுத்த அறுத்து உள்ள ஊத்திக்கோ."

சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஆற்றோரச் சத்துணவுக் கூடத்தில் அவனுக்குச் சோறு போட்டவள் நான். இரண்டாவது படிக்கும்போது முட்டையைத் திருடி டவுசர் பையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தவன். வகுப்பே சிரித்தது, அவனும் இப்படித்தான் சிரித்தான். மறுநாள் முதலில் சிரித்த பையனின் மண்டை உடைந்திருந்தது.

தையல் என் முந்தானையை இழுத்தாள். "யக்கா, இன்னாத்துக்கு வம்பு? ஒரு பக்கெட்டுதானே, குட்த்துடு."

ஒரு பக்கெட் என்றால் இருபது பிள்ளை வயிறு. கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 21, புதன்

இன்றைக்கும் கேட்டான். இல்லை என்றேன். போகும்போது ஜன்னல் கம்பியில் அரிவாளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

படப்பையிலிருந்து மகள் போன். "இன்னாத்துக்கும்மா அங்க கெடந்து சாவுற? இங்க வந்து எழிலைப் பாத்துக்கினு இரு." பேரனை அவன் அப்பன் பார்த்துக்கொள்ளட்டும். நான் போனால் விக்கி பக்கெட்டோடு வருவான், தையல் அள்ளிக் கொடுப்பாள்.

ஜனவரி 27, செவ்வாய்

இருந்தவர்கள்: நான், தையல்நாயகி, கேசவன், ஜென்சி டீச்சர், ஜீவிதா, விக்கி. ஆறு பேர். ஆறே பேர். மறக்க மாட்டேன்.

கை எரிகிறது. பேனா நிற்கவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

அடுப்பைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது. ஜீவிதா மத்தியானம் சாப்பிடவில்லை என்றாள். முகம் சுருங்கிக் கிடந்தது. உள்ளே வந்து தையல் பக்கத்து மூட்டை மேல் உட்கார், வெந்ததும் முதலில் உனக்கு என்றேன். கோட்டுக்கு உள்ளே விட்டது நான். இதையும் எழுதி வைக்கிறேன்.

பட்டாணி வெந்துவிட்டது. தண்ணீர் வடிக்க அண்டாவை இறக்க வேண்டும். ஆறு வருஷமாக ஒரே முறைதான். நான் இந்தப் பிடி, தையல் அந்தப் பிடி, கையில் கரித்துணி. நான் 'ம்' என்பேன். அவள் 'ம்' என்பாள். இரண்டாவது 'ம்'முக்கு அண்டா எழும். வேறு பேச்சு கிடையாது. அவளுக்குக் காய்ச்சல் என்றால்கூட அந்தப் பிடியின் கனத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

தூக்கிவிட்டோம். அப்போதுதான் அவன் வாசலில் வந்து நின்றான். கேசவன் கேட்டைத் திறந்து விட்டிருக்கிறான். விக்கி குடித்திருந்தான்.

"பசங்களுக்கா? இந்தா பசங்களுக்கு!"

அண்டாவை நடுவில் உதைத்தான்.

நான் விடவில்லை. துணி நழுவி வெறும் பிடி உள்ளங்கையில் ஒட்டியது. தோல் வேகும் வாசனை எனக்கே வந்தது. விடவில்லை. அந்தப் பக்கம் கனம் சட்டென்று செத்துப்போனது. தையல் விட்டுவிட்டாள். அண்டா அவள் பக்கம் சாய்ந்து, கொதிக்கிற தண்ணீரும் பட்டாணியும் மூட்டை மேல் குனிந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வலது கையிலும் தொடையிலும் –

அந்தக் கத்தல். அய்யோ அந்தக் கத்தல்.

அப்புறம் என் கையில் இரும்புக் கரண்டி இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது. எங்கே விழுந்தது என்று தெரியும். முதல் அடி வாயில். இரண்டாவது காதோரம். மூன்றாவது, அவன் குனிந்தபோது பிடரியில். நாலாவதுக்குக் கரண்டி வளைந்துவிட்டது. வளையாமல் இருந்திருந்தால் அவன் இன்றைக்கு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். விரல் சந்தில் ரத்தம் ஊற்றியது.

ஆட்டோ பிடித்து ஜீவிதாவைத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு "ஆயா, ஆயா" என்றே வந்தாள்.

திரும்பி வந்து தரையைக் கழுவும்போது பட்டாணிக்கு நடுவில் ஒரு பல். வேரோடு. துடைத்து மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்தேன்.

தையல் விட்டதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. பயந்த கை விடத்தான் செய்யும்.

ஜனவரி 28, புதன்

ஹெட்மிஸ்ட்ரஸ் சுபத்ரா மேடம் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் நின்றார்கள். மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செல்லம்மா, நீங்க வயசானவங்க. வெயிட் தாங்காம கை ஸ்லிப் ஆயிடுச்சு. ஆக்ஸிடெண்ட்னு முடிச்சிடலாம். ரௌடி உள்ள வந்தான்னு எழுதினா ஸ்கூலுக்குள்ள சமைக்கவே கூடாதுன்னு நிறுத்திடுவாங்க. நூத்துப்பத்துப் பசங்க சாப்பாடு, யோசிச்சுப் பாருங்க."

"யாரு உள்ள வந்தான்னு கேளுங்க மேடம். இவங்கள்லாம் பாத்தாங்க."

கேசவன் மோட்டார் ரூமில் இருந்தானாம். ஜென்சி டீச்சர் இன்னும் கிளாஸை விட்டே இறங்கவில்லையாம். டீச்சரின் ருசி பார்க்கிற தட்டைத் தரையிலிருந்து எடுத்துக் கழுவியது நான். தட்டு தனியாக நடந்து வந்ததா?

தையலைப் பார்த்தேன். ஆறு வருஷம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா கை நழுவிடுச்சு மேடம். நான் புடிச்சுக்கினுதான் இருந்தேன்."

ஆக்ஸிடெண்ட் என்று எழுதிய தாளை மேடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். என் கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். விட்டவ கை வேவுமாடி? விடாதவ கைதாண்டி வெந்து கீது. பாருடி. பாரு.

பார்க்கவில்லை. அவள் வீட்டுக்கு அடுத்த பிளாக்கில் விக்கி இருக்கிறான். அவளுக்கு வயசுக்கு வந்த பெண் இருக்கிறது. தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்துமே கழுத்தைப் பிடிக்கப் போனேன். கேசவன்தான் என்னை இழுத்துப் பிடித்தான். அதற்கு மட்டும் அவன் மோட்டார் ரூமில் இல்லை.

ஜனவரி 29, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜீவிதாவின் அம்மா கிறிஸ்டினா வார்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள்.

"கெழவி, கை நடுங்குதுன்னா வூட்ல கெடந்து சாவ வேண்டியதுதானே! என் பொண்ணு பரிச்சை எழுதுற கைடி அது!"

இரண்டு அடி. தோளில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. திருப்பி அடிக்கத் தெரியாதவள் இல்லை நான். வாங்கிக்கொண்டேன். உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் ஒன்றும் தெரியாது. குனிந்து படித்துக்கொண்டிருந்தவள் மேல் சுடுதண்ணீர் விழுந்தது, அவ்வளவுதான்.

விக்கி புகார் கொடுக்க மாட்டான். கிழவியிடம் அடி வாங்கினேன் என்று எந்த வாயால் சொல்வான், அதுதான் கிழிந்து கிடக்கிறதே.

பிப்ரவரி 1, ஞாயிறு

குழுக் கூட்டம். விஷயம் போலீசுக்குப் போய்விட்டதாம், விசாரணை முடியும் வரை நான் அடுப்பங்கரைக்குப் போகக் கூடாதாம். என் பிடிக்கு வேறு ஒருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கனவில் தையலின் தலையை அண்டாவுக்குள் அமுக்கிப் பிடித்திருந்தேன். விழித்துக்கொண்டேன். வருத்தமாக இல்லை. கனவு பாதியில் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

குழாயடியில் தையலைப் பார்த்தேன். குடத்தைப் பாதி நிரம்பியபடியே தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடு. முதுகைப் பார்த்துக் கத்தினேன்: "ஸ்டேஷன்ல கூப்புட்டு கீறாங்க! யாரு கை விட்டுதுன்னு அங்க சொல்றேண்டி!"

நின்றாள். திரும்பவில்லை. குடம் தளும்பிப் புடவை நனைந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

ஸ்டேஷனில் இருந்தவர்கள்: நான், தையல்நாயகி, கேசவன், ஜென்சி டீச்சர், சுபத்ரா மேடம், கிறிஸ்டினா, இன்ஸ்பெக்டர், எழுதுகிற ஏட்டு.

கிறிஸ்டினா என் மேல் புகார் கொடுத்திருந்தாள். அஜாக்கிரதை என்று படித்தார் ஏட்டு.

"வெளி ஆளு யாரும் உள்ள வரலையா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"யாரும் வரலை சார்" என்றார் மேடம்.

இடுப்பிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்தேன். திறந்து மேசையில் கவிழ்த்தேன். பல் உருண்டு போய் அவர் டீ கிளாஸில் இடித்து நின்றது.

"அப்ப இது யாரு பல்லு சார்? பட்டாணிக்குப் பல்லு மொளைச்சுதா?"

ஏட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். யார் எங்கே நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது, கேட்டைத் திறந்தது யார், தட்டைப் போட்டுவிட்டு ஓடியது யார். கரண்டி எத்தனை முறை இறங்கியது என்பதையும் சொன்னேன். "அதுக்கு என்னைப் புடிச்சு உள்ள போடு சார், போறேன். கை நழுவுச்சுன்னு மட்டும் எழுதாத."

"அப்போ அண்டா எப்படிம்மா பொண்ணு பக்கம் சாஞ்சுது?"

இதுதான். பன்னிரண்டு நாளாக இந்தக் கேள்விக்காக வாயில் பதிலை மென்றுகொண்டு இருந்தேன். தையலைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் விரல் மடங்கியிருந்தது, அண்டாவைப் பிடிக்கிற மாதிரியே.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை? வீட்டுக்கு வந்தும் என்னையே கேட்கிறேன்.

அவளே பேசினாள். "அக்கா கை நழுவல சார். விக்கி ஒதைச்சான். விட்டது நானு." தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். ஒரு கொப்புளம் இல்லை. "பாருங்க. என் கை நல்லாத்தான் கீது."

கிறிஸ்டினா என் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

விக்கியைப் பிடிக்கும் முன்பே அவன் ஆட்கள் தையல் வீட்டுக் கதவை அரிவாளால் கொத்திக் கிழித்திருக்கிறார்கள். அம்மாவும் பெண்ணும் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உயிர் பிழைத்தார்கள். மத்தியானம் விக்கியை வண்டலூர் பக்கம் பிடித்தார்கள். கட்டிய வாயோடு வண்டியில் ஏறினானாம்.

கரண்டிக்காக என் மேலும் கேஸ் இருக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

அடுப்பங்கரைக்கு இரும்புக் கதவு போட்டாகிவிட்டது. சுண்டல் நிற்கவில்லை. நிறுத்திவிடுவார்கள் என்றார்களே, யார் நிறுத்தினார்கள்? சுபத்ரா மேடம் என்னைக் கண்டால் வராந்தாவைச் சுற்றிப் போகிறார்கள். கிறிஸ்டினா வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். கை ஆறும் வரை வருவாளாம்.

பிப்ரவரி 23, திங்கள்

கட்டைப் பிரித்துவிட்டேன். என் பிடியும் திரும்ப எனக்கே வந்துவிட்டது. இன்றைக்கு அடுப்பங்கரையில் இருந்தவர்கள்: நான், கேசவன், ஜென்சி டீச்சர், தையல்நாயகி. கோட்டுக்கு வெளியே ஜீவிதா.

பிள்ளையின் கையில் தோல் ரோஜா நிறத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது. பேனாவைப் பிடித்து எழுதிக் காட்டினாள். எழுத்து கோணல்தான். "பரிச்சைக்குள்ள நேராயிடும் ஆயா" என்றாள். ஜென்சி டீச்சர் இரண்டு வாய் ருசி பார்த்தார். அழுதுகொண்டே தின்றால் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். கேசவன் கோழை, கோழையிடம் என்ன எதிர்பார்ப்பது. மேடம் நாற்காலிக்குப் பிறந்தவர். கிறிஸ்டினா அடித்த செருப்பு சரியான செருப்புதான், ஆள்தான் மாறிவிட்டது. விக்கிக்குக் கொடுக்க வேண்டியதைக் கையோடு கொடுத்துவிட்டேன்.

கடலை வெந்தது. நான் இந்தப் பிடிக்கு வந்தேன். அவள் அந்தப் பிடிக்கு வந்தாள். புதுக் கரித்துணி ஒன்றை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, கை வலிக்கலையே?"

நான் 'ம்' என்றேன்.

அவள் 'ம்' என்றாள்.

அண்டா எழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தப் பக்கத்துக் கனம் பழையபடி அப்படியே இருந்தது. நாளைக்கும் அவளோடுதான் தூக்குவேன். அவள் வீட்டுக்குக் கதவு வரும் வரை அவள் பெண் என் வீட்டில்தான் படுக்கும். கையை விட்டதற்கு அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை, அன்றைக்கே இல்லை. விட்டுட்டு, என் கைன்னு சொன்னியே. கூடப் புடிச்சவ நீதானே, ஒனக்குத் தெரியாதா என் கை?

சாகும் வரை மன்னிக்க மாட்டேன். அந்த ஒரு பேரையும் எழுதி வைக்கிறேன்:

தையல்நாயகி.