வெறும் நீரில் வந்த கந்தகம்

என் பிரியமான மைனிக்கு,

வண்ணார்பேட்டை ஆய்வகத்துக்கு, நீரிலுள்ள கந்தகத்தை அளக்கப் புது பிளாஸ்மா கருவி வந்துவிட்டது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்து, கந்தகத்தின் எடையிலேயே நின்று பழைய கருவியை ஏமாற்றுமே, இதில் அது நடக்காது. உள்ளே ஆக்சிஜனையே செலுத்துகிறோம். கந்தகம் ஓர் அணுவைப் பிடித்துக்கொண்டு, எடை கூடி, தனியே விலகி வந்துவிடுகிறது. துளியிலும் துளியை எண்ணிவிடலாம். முதல் நாள், பக்கத்தில் காலியாகக் கிடந்த உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பி, "பாத்தியளா மைனி?" என்றேன்.

சொல்ல வந்தது இதுவல்ல.

போன வருஷம், கந்தகமே இருக்கக் கூடாத வெறும் நீரில் எண் கூடிக்கொண்டே வந்ததே. எல்லார் முன்னாலும் நான், பாட்டில் கழுவிய உங்களைத்தான் சொன்னேன். "பூண்டு உரிச்ச கையோட பாட்டிலைத் தொட்டா வேற என்ன வரும்?"

நீங்கள் சிரித்தீர்கள். "ஏட்டி, உங்க அண்ணனுக்கு வச்ச ரசத்தை மெஷினும் மோந்து பாக்குதோ? நாத்தனா வேலையை இங்கனயும் காட்டுதியே!"

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ரசத்தில் பூண்டே இல்லை என்று அண்ணன் பிறகுதான் சொன்னான். பாட்டில் கழுவுவதை விட்டுவிட்டு நீங்களாகவே பதிவேடு எழுதப் போனீர்கள். வருத்தமா? நான் கேட்கவில்லை. அந்த வாரமே பழைய கருவி பழுதாகி, கந்தகம் அளப்பது மட்டும் நின்றது. ஆவணியில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு திரும்பவில்லை.

போன வாரம் புதுக் கருவியில் வெறும் நீரை வைத்தேன். மறுபடியும் கந்தகம். உங்கள் கை படாத பாட்டில், மைனி. கழுவியது நான், மூடியது நான். தூசி படாமலிருக்கப் பாலிதீன் சுற்றி, டீ பார்சலில் வந்த ரப்பர் பேண்டை அன்றும் இன்றும் போட்டுவைப்பேனே? ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான். அதைக் கழற்றிய விரலோடு பாட்டிலின் வாயைத் தொட்டிருக்கிறேன். ரப்பர் பேண்ட் போடாத பாட்டிலில் ஒன்றுமே இல்லை. படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். என் கையைத்தான் நான் பார்க்கவில்லை.

உங்களுக்கு அப்போதே தெரிந்திருந்ததோ?

கல்லிடைக்குறிச்சிக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "அவகிட்டல்லா சொல்லணும்" என்றான்.

பதிவேட்டில் "கையாண்டவரின் கவனக்குறைவு" என்று உங்கள் பெயரோடு நான் எழுதிய வரி இருக்கிறது. அதற்குக் கீழேதான் உங்கள் கையெழுத்து தொடங்குகிறது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் எழுதினீர்கள்?

எழுதியதை அழிக்கக் கூடாது என்பது விதி. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். திங்கட்கிழமை, அன்று சிரித்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, உரக்க வாசித்துவிட்டுத்தான் கோடு போடுவேன். உங்கள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதுவேன்.

என்றும் உங்கள் நாத்தனாராகவே,
பார்வதி