கோப்பையில் வந்த உப்பு

அன்பு மகள் நுஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள் மகள், சஹர் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம்தான் இருக்கிறது, ஆனால் இதை எழுதாமல் நித்திரை வராது, போனில் சொன்னால் நீ சிரித்துத் தட்டிவிடுவாய். கடற்கரைத் தாராபுரத்தில் எல்லாரும் சுகம், வாப்பாவும் இப்போது சுகம். 'இப்போது' என்றதைப் பார்த்துப் பயப்படாதே, முழுவதையும் வாசி. வாப்பாவுக்குப் பிறஷர் என்று டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினேன். கறி, சம்பல், நோன்புக் கஞ்சி ஒன்றிலும் ஒரு கல் உப்பில்லை. அயலுக்கும் அதே கஞ்சிதான் போனது. வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா, பக்கத்து வீட்டு ஹமீதா மாமி நாலாம் நோன்பன்று அது நிறையக் கல்லுப்புப் போட்டு அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அதை அப்படியே அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

பத்தாம் நோன்பு, வெயிலில் வலை இழுத்துவிட்டு வந்த வாப்பா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார், பேச்சும் மந்தம். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, சோடியம் நன்றாக இறங்கிவிட்டது, குறைக்கச் சொன்னால் நிறுத்துவதா, நீங்கள் படித்த ஆள்தானே என்று என்னைக் கேட்டார்கள். உயிரியல் பட்டம் எடுத்த எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாப்பாவுக்கோ தெளிந்தவுடன் பகிடி: "கடலுக்குள்ள நிண்டும் உப்பில்லாம விழுந்தவன் நான் ஒருத்தன்தான்."

தலைக்குள் ஏறவில்லை என்றாயே அந்தத் தசைச் சுருக்கப் பாடம், அதை வாப்பாவின் காலை வைத்துப் படி. தசைக் கலத்துக்குள் முதலில் சோடியம் அயன்கள் பாயவேண்டும், அந்தச் செய்தி போய்த் தட்டினால்தான் உள்ளே பூட்டியிருக்கும் கல்சியம் வெளிப்பட்டுத் தசை சுருங்கும். இதயத்தில், வேலை முடித்த கல்சியத்தை வெளியேற்றுவதற்கும் சோடியம் வேண்டும், மூன்று சோடியம் உள்ளே வர ஒரு கல்சியம் வெளியே போகும், நம் கஞ்சிக் கோப்பை மாதிரி. நுஹா, உன்னையும் உப்பைத் தொடாதே என்றது நான்தான். கால் இழுக்கிறது, கல்சியம் குளிசை வாங்கிப் போடப்போகிறேன் என்று நேற்றுச் சொன்னாய். சோதிக்காமல் போடாதே. இது கிடைத்த அன்றைக்கே கம்பஸ் டொக்டரிடம் போய் இரத்தம் சோதி, சாப்பாட்டில் அளவாக உப்புச் சேர்.

இன்று ஹமீதா மாமியின் உப்பைப் போட்டுத்தான் கஞ்சி காய்ச்சினேன், அதோடு, உப்பு வந்த அதே கோப்பையில் இனிப்புக்கு வட்டிலப்பமும் வைத்து அவருக்குக் கொடுத்தேன். மாமி கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்பதான் புள்ள இது கஞ்சி" என்றார். அல்லாஹ் உன் உடம்பிலும் படிப்பிலும் பறக்கத் செய்வானாக. வாப்பா சலாம் சொன்னார். இரத்தச் சோதனை முடிவு கிடைத்ததும் உடனே பதில் எழுது.

உன் உம்மா,
றிஸ்மினா