ஜீப் பட்டியலில் என் பெயர்

ஏப்ரல் 9, லேக் கார்டன்ஸ், கொல்கத்தா

இன்று காய்கறிக்காரர் விசாரித்தார். பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "பௌதி, ஆபரேஷனுக்கப்புறம் இப்போ எப்படி?" என்று வங்காளத்தில், அண்ணி முறை வைத்துக் கேட்டார். யார்மேல் அக்கறை, என்மேலா பூசணிமேலா என்று ஒரு நிமிடம் புரியவில்லை.

என் கர்ப்பப்பையை எடுத்துப் பதினாலு மாதமாகிறது. எடுத்தது டாக்டர். அதைத் தினமும் காலையில் ரவீந்திர சரோவரைச் சுற்றி வாக்கிங் கூட்டிப் போவது என் கணவர் வெங்கடநாராயணன். பார்க்கிறவரிடமெல்லாம் இவர் அந்தக் கதையைச் சொல்லி, ஏரிக்கரை பெஞ்சு ஒவ்வொன்றிலும் அது உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறது. நான் நடந்ததைவிட அது நடந்தது அதிகம்.

இருபத்தொன்றாம் தேதி ரயில். ரயிலை விட்டு இறங்கி, மலைமேல் சந்தக்பூ வரைக்கும் மூன்று நாள் நடை. எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆறு பேர். மூன்று மாதமாக முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறி இறங்கியிருக்கிறேன். கீழ்வீட்டு முகர்ஜி, நான் வீட்டைக் காலி செய்கிறேன் என்று நினைத்து ஆள் அனுப்பட்டுமா என்றார். டாக்டர், "தாராளமா ஏறுங்க" என்று சொல்லிவிட்டார். இவர் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இவர் எந்தக் கல்லூரியில் படித்த டாக்டரோ.

ஏப்ரல் 17

வாட்ஸப் குழுவில் இவர் பட்டியல் போட்டிருக்கிறார். "நடப்பவர்கள்: ஐந்து பேர். ஜீப்: மூட்டைகள், குக்கர், மாதங்கி." அதே வரிசையில். குக்கருக்குப் பின்னால் நான்.

"யாரைக் கேட்டுப் போட்டேள்?"

"எதுக்கு வீண் ரிஸ்க்? சும்மா ஒரு முன்ஜாக்கிரதைதான். மாத்திடறேன், விடு."

விட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

ஏப்ரல் 23, தும்லிங்

முதல் நாள் நடை முடிந்தது. ஏழு மணி நேரம். மூச்சு வாங்கியது, மலையில் வாங்காமல் பின்னே எங்கே வாங்கும்? வேறு ஒன்றும் ஆகவில்லை. இவர்தான் கடைசி இரண்டு மணி நேரம் வலது முட்டியைப் பிடித்தபடி, பிடிக்காத மாதிரி நடந்தார். விடுதி அம்மாள் டீ கொண்டு வந்தாள். கோப்பையை வாங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்: "ஓர் ஆபரேஷன் ஹொயேச்சே..." வங்காளத்தில், 'இவளுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு' என்று. ஒன்பதாயிரம் சொச்சம் அடியைத் தாண்டியும் என் வயிறு எனக்கு முன்னால் போய் நிற்கிறது.

எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான சாவித்ரி மாமி ஊரிலிருந்து அரைத்துக் கொண்டு வந்த உலர்ந்த மாவைக் கரைத்து டப்பாவில் வைத்திருக்கிறாள். நாளை ராத்திரி காலிபோக்ரியில் எல்லோருக்கும் இட்லியாம். இந்தக் குளிரில் எது பொங்கும்? "உன் பையில ஸ்வெட்டருக்கு நடுவுல வெச்சுக்கறியாடீ? கதகதப்பா இருக்கும்" என்றாள். வைத்துக்கொண்டேன். இந்தக் குழுவில் மாவு விஷயத்திலாவது ஒருத்தர் என்னைக் கேட்டார்களே.

ஏப்ரல் 24, காலிபோக்ரி

எழுதாமல் தூங்கினால் வெடித்துவிடுவேன்.

காலையில் கஞ்சன்ஜங்கா இருபது நிமிடம் முகம் காட்டியது. பிறகு பனிமூட்டம், முன்னால் போகும் மாமியின் சிவப்புக் குல்லாய் மட்டும் மிதந்து போயிற்று. வழியில் கைரிபாஸ் கிராமம் வந்ததும் சுள்ளென்று வெயில். ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் கழிப்பறைக்குப் போனேன். ஐந்து நிமிடம். திரும்பி வந்தால் என் பை இல்லை.

சாமான் ஜீப்பின் மேலே, எல்லா மூட்டைக்கும் அடியில், தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் கட்டியாயிற்று. இவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். கல்யாண மண்டபத்து வாசலில் வரவேற்கிற மாதிரி.

"ஏறு."

"பையை எறக்குங்கோ. மழைக்கோட்டு அதுல இருக்கு."

"அதான் ஏறுங்கறேன். எல்லாரும் பாக்கறா, மாதங்கி."

பார்க்கட்டுமே! லிஸ்ட்டை மாத்தறேன்னு சொன்னது யாரு? மாத்தவே இல்லை. எனக்குத் தெரியாம டிரைவர்கிட்ட ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கார். நான் என்ன, பார்சலா?

டிரைவர், கயிற்றை அவிழ்க்க முடியாது, நேரமாகிறது என்று ஹார்ன் அடிக்கிறான். அப்போதுதான் எங்கள் வழிகாட்டி மிங்மா, என் மகள் வயதிருக்கும், நேராக என்னிடம் வந்தாள். "தீதி, நீங்க சொல்லுங்க. நடக்கறீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டாள். பதினாலு மாதத்தில் என்னைப் பற்றிய முடிவை என்னிடமே விட்ட முதல் கேள்வி. பதில் சொல்லும் பழக்கமே விட்டுப் போயிருந்தது.

"நடக்கறேன்."

"சரி, சாமானை யார் பாத்துப்பா?" என்று சொல்லிக்கொண்டே இவர் ஏறி உட்கார்ந்தார். முட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்ததை நான் பார்த்தேன். ஓகோ! ஜீப் யாருக்குத் தேவைப்பட்டிருக்கிறது! என் ஆபரேஷனைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் முட்டியை ஏற்றிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார் மனுஷர்.

கயாகட்டா வரும்போது வானம் கறுத்தது. முதலில் மழை, பிறகு ஆலங்கட்டி. புளியங்கொட்டை அளவில் மண்டை மேல் டக் டக்கென்று. மழைக்கோட்டு ஜீப்பில் சௌக்கியமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்த டீக்கடைக்காரி ஒரு அரிசிச் சாக்கின் அடியைக் கிழித்து என் தலை வழியாகப் போட்டுவிட்டாள். சாவித்ரி மாமி குடைக்குள்ளிருந்து, "குடோன்லேர்ந்து தப்பிச்சு வந்த மூட்டை மாதிரி இருக்கே" என்றாள். பட்டியலில் மூட்டைக்கும் எனக்கும் இருந்த இடைவெளியும் போயிற்று. சிரித்தேன். சிரித்ததில் கோபம் குறையவில்லை, வலுத்தது. நல்லதாப் போச்சு, அந்தச் சூட்டில்தான் கடைசி ஏற்றம் ஏறினேன்.

நாலு மணிக்குச் சேர்ந்தோம். உள்ளாடை வரை சொட்டச் சொட்ட. மாற்றிக்கொள்ளலாம் என்று பையைத் திறந்தால் — மாவு. ஜீப் தூக்கிப் போட்டதில் டப்பா மூடி கழன்று, ஸ்வெட்டர், பைஜாமா, காலுறை, எல்லாவற்றிலும் இட்லி மாவு. மழைக்கோட்டுப் பையில் ஒரு படி நின்றது.

"அதுல மாவு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவ்வளவுதான். விடுதி முழுக்கக் கேட்கக் கத்தினேன். "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்! கேக்கற வழக்கமே உங்களுக்குக் கிடையாதே! காய்கறிக்காரன்லேர்ந்து நேத்து டீ கொண்டுவந்த அம்மா வரைக்கும் எனக்கு பதிலா நீங்கதானே பேசறேள்? டாக்டர் எடுத்தது கர்ப்பப்பையை. என் நாக்கை இல்லை."

மாமி அவசரமாக அடுப்பைப் பார்க்கப் போனாள். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தாள், கால் தெரிந்தது.

இவர் தன் பையிலிருந்து கம்பளிச் சட்டையும் கால்சட்டையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போனார். போட்டுக்கொண்டிருக்கிறேன். தொளதொளவென்று, கதகதப்பாக இருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 25, சந்தக்பூ

நடந்தே வந்தேன். சிகரம் ஒன்றும் தெரியவில்லை, ஒரே மேகம். அசல் வெள்ளைச் சுவர். இதற்கா இத்தனை ரகளை? ஆமாம், இதற்குத்தான்.

காலையில் டிரைவர், "மேடம் ஜீப்பா?" என்று இவரைக் கேட்டான். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கையால் என்னைக் காட்டினார். "எனக்கு முட்டி வலி, நான் ஜீப்ல வரேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என் கோபத்தில் ஒரு கிலோ குறைந்தது. பாக்கி மூட்டை அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 30

ஸ்வெட்டரை மூன்று தரம் தோய்த்தாயிற்று. கொல்கத்தா வெயிலில் இப்போதுதான் மாவு புளிக்கத் தொடங்கியிருக்கிறது.

மே 19

காலை பத்தரைக்கு இவர் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து, என் வருடாந்தரப் பரிசோதனைக்காக. அங்கே கொடுத்திருப்பது இவர் எண்தான். "இருங்க, அவங்களையே கேட்டுக்கோங்க" என்று வங்காளத்தில் சொல்லி என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெண் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். வெள்ளையாக இருக்கும் என்றேன். எத்தனை மில்லிகிராம்? சின்னதாக இருக்கும் என்றேன். ஆபரேஷன் எந்தத் தேதி? பிப்ரவரி என்றேன், பன்னிரண்டா பதின்மூன்றா தெரியவில்லை. அட கஷ்டமே.

இவர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தார். எல்லாம் அவருக்குத் தெரியும். மாத்திரையின் பெயர், தொகுப்பு எண்ணோடு. உதட்டைக் கடித்துக்கொண்டு, காது சிவந்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். நான் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். மூன்றாவது தட்டில் என் பெயர் எழுதிய கோப்பு, அவர் கையெழுத்தில், தேதி வாரியாக. தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.