முதல் தேதியில் ஒரு தர்க்கம்

என் மக்கா ஜெயசிங்,

நீ போனபிறகு உன் போனை அணைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. கேரள எல்லையோரம், பனச்சமூட்டில் நம் வாழைக்குலைக் கடையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் வந்த ஒரு அழைப்பைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கட்டும். குடிக்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த எல்லையின் இரண்டு பக்கமும் உண்டு.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தபோது சொன்னதுதான். குடிகாரர்கள் வட்டமாக உட்கார்ந்து குடிகாரர்களிடம் பேசினால் குடி நிற்காது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்து வந்தவன். எனக்காக யாரும் கூட்டம் கூடவில்லை. நம் சபையில் சாட்சி சொல்கிறவன்கூட நோயிலிருந்தோ பாவத்திலிருந்தோ விடுதலை கிடைத்தபிறகுதான் எழுந்து நிற்பான். ஒருதரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். குடியை விட நினைக்கிறவர்கள் கூட்டத்தில் நீங்களோ வாரந்தோறும் அதே கதையைச் சொல்லுகிறீர்கள். இது என்ன சாட்சி என்று உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? நீ சிரிப்பாய்.

நீ குடியை விட்டாய். அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஈரல் போய்விட்டது. உன்னை அடக்கம் செய்த அன்று உன் கூட்டத்து ஆட்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் காப்பாற்றியது உண்மையானால் நீ எங்கே?

போன மாதம் முதல் தேதி. மாதாமாதம் அன்றைக்குக் கேரளத்தில் மதுக்கடை அடைப்பு. பனச்சமூட்டில் வந்து இறங்குகிறவர்கள் எங்கே போவார்கள் என்று உனக்குத் தெரியும். எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் கடை திறந்திருக்கும். சாயங்காலம் உன் போன் அடித்தது.

“ஆராக்கும்?” என்றேன்.

“மாமா, நான் சேவியர். காஞ்சிரங்குளம் பக்கம், கடலுக்குப் போறவன். ஜெயசிங்குக்க கூட கூட்டத்துல உண்டு.”

“அவன் செத்துப்போனது தெரியாதா?”

“தெரியும். குழியில மண்ணு போட்டதுல நானும் உண்டு.”

“பின்ன என்னத்துக்கு விளிக்க?”

அப்போது ஒரு பஸ்ஸின் ஹாரன் எனக்கு இரண்டாகக் கேட்டது. ஒன்று ரோட்டிலிருந்து, மற்றது போனிலிருந்து. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பஸ் ஸ்டாப்பில் ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு எல்லைப் பக்கமே பார்த்து நின்றான்.

“எலே, எதிர்ல நிக்கது நீயா? இங்க வா.”

வந்தான். பலகையில் ஓரமாக உட்கார்ந்தான். ஒரு பழம் கொடுத்தேன். உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எல்லைப் பக்கமே பார்த்தான். அதைப் பார்த்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பாத்தியா, உங்க கூட்டத்துக்க லட்சணம்? இவ்வளவு பேசினதுக்கு பலன் இந்த பஸ் ஸ்டாப்பாக்கும்.”

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கூட்டம் இல்லேன்னா நான் பஸ் ஸ்டாப்புல நிக்கமாட்டேன் மாமா. அந்தப் பக்கம் கிடப்பேன்.”

“மனசுல திடம் வேணும்லே.”

“திடம் நல்லா உண்டு. பெருங்காத்துல வள்ளம் இறக்கினவனாக்கும். குப்பி முன்ன மட்டும் அது வரல்ல.”

“டாக்டர்கிட்ட போ.”

“போனேன். மருந்தும் தின்னேன், நல்லதுதான். ஆனா முதல் தேதி சாயங்காலம் டாக்டர் இந்த பஸ் ஸ்டாப்புல வந்து நிப்பாரா?”

“அப்ப ஜெபம்?”

“ஜெபிச்சுட்டுத்தான் மாமா விளிச்சேன்.”

நான் விடவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பக் குடித்தார்கள் என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை. “நெறைய பேரு. நானே குடிக்கப் போயிட்டு வந்தவன். திரும்பி வந்தப்ப உங்க மோன் ஒண்ணும் கேக்கல்ல. கசேரையை இழுத்துப் போட்டான், அவ்வளவுதான்.”

“சாட்சின்னா முடிஞ்ச காரியத்தைச் சொல்லதாக்கும்.”

“எங்களுக்கு அது முடிஞ்சுபோற காரியமில்ல மாமா. அதனாலதான் வாரத்துக்கு வாரம் சொல்லுகோம்.”

நான் வேறு பக்கத்திலிருந்து பிடித்தேன். அவனும் விடவில்லை. குலை வாங்க வந்த ஒரு அம்மா எங்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாங்காமலே போனாள். கடைகளில் விளக்கு எரிந்தது. கடற்கரைப் பக்கம் போகும் கடைசி பஸ் வந்து நின்றது. அவன் எழுந்தபோதுதான் கவனித்தேன். பழத்தைத் தின்று முடித்து, தோலைக் கையில் பிடித்திருந்தான். எல்லைப் பக்கம் திரும்பவில்லை.

“செத்தவனுக்க நம்பருக்கு என்னத்துக்குலே விளிச்ச?” என்று மறுபடியும் கேட்டேன்.

தோலை என் கையில் கொடுத்துவிட்டு, படியில் ஏறிக்கொண்டே சொன்னான். “அவன்தான் சொன்னான் மாமா. ‘குடிக்கத் தோணினா என்னை விளி. நான் இல்லேன்னா எனக்க அப்பன் எடுப்பான். அவன்கிட்ட கூட்டத்தப்பத்தி ஒரு வார்த்தை சொன்னா போதும், தர்க்கிச்சு தர்க்கிச்சு, அதுக்குள்ள பிராந்திக்கடை அடைச்சிரும்.’”

பஸ் போய்விட்டது. நான் தோலும் கையுமாக அப்படியே நின்றேன். நான் உன்னோடு போட்ட சண்டையையெல்லாம் நீ சேர்த்துவைத்து, ஆபத்துக்கு உதவும் என்று இன்னொருவனிடம் கொடுத்துவிட்டா போனாய்? சாகும் நேரத்தில் இதை யோசிக்க உனக்கு எங்கிருந்து மனம் வந்தது? இந்த வயது வரை நான் படித்த எதிலும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

ஆனாலும் கேள். என் கட்சி மாறவில்லை. கூட்டம் எல்லாரையும் காப்பாற்றும் என்று எவன் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவேன். நீ எங்கே என்று கேட்டால் போதும், அவர்கள் வாயடைத்துப்போவார்கள்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. இந்தப் போன் அணையாது. முதல் தேதிகளில் கடற்கரைக்குக் கடைசி பஸ் போகும்வரை கடையைப் பூட்டமாட்டேன். வரட்டும் உன் ஆட்கள். ஒருவனையும் பேசி ஜெயிக்க விடமாட்டேன்.

இன்னும் ஒத்துக்கொள்ளாத,
உன் அப்பன்