வீட்டில் ரேடியோ இருக்கிறதா?

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் நாள். துரைராசு சார் கூப்பிட்டு டீ வரவழைத்தார். எங்கள் நிலைய இயக்குநர் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ ஒன்று தலையில் விழப்போகிறது என்று அர்த்தம். விழுந்தது. வானொலியின் ஆண்டறிக்கைக்கு நம் நிலையத்தின் பகுதியை இந்த முறை நான் எழுத வேண்டுமாம். எத்தனை பேர் கேட்டார்கள், என்ன வருமானம், என்ன செலவு. அதோடு விட்டால் பரவாயில்லை. செலவைக் குறைக்க ஒவ்வொரு நிலையமும் ஒன்றைக் கைவிட வேண்டும் என்று டெல்லியிலிருந்து உத்தரவு. எங்களுக்கு இரண்டு பெயரை அவர்களே குறித்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று, வேதாரண்யம் டிரான்ஸ்மிட்டரும் அதில் விடியற்காலையில் போகும் கடல் வானிலைச் செய்தியும். மற்றது, மாலை ஆறரை மணி 'வயல் நேரம்'.

வயல் நேரம் என்றால் நான். பதினோரு வருஷமாக நான்.

"நீ ஏம்மா முகத்தைத் தூக்கி வச்சுக்குற? சர்வே உன் பக்கம்தான். வந்த கணக்கை அப்படியே போட்டு அனுப்பிடு. நான் மே மாசம் ரிட்டையர் ஆகணும், நிம்மதியா" என்றார் சார்.

டீ நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 22

சர்வே பார்த்தேன். போன அக்டோபரில் ஒரு கம்பெனி எடுத்தது. டேப்லெட் கணினி வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகள் வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். முதல் கேள்வி: வீட்டில் ரேடியோ இருக்கிறதா? இல்லை என்றால் அத்தோடு சரி, அடுத்த வீடு. நம் டெல்டா கிராமங்களில் பாதிக்கு மேல் 'இருக்கிறது, வயல் நேரம் கேட்கிறோம்'. கடற்கரைக் குப்பங்களில் இருக்கிறது என்றவர்கள் கைவிரலுக்குள் அடக்கம். போதாததற்கு எனக்கு உரக் கம்பெனி, விதைக் கம்பெனி விளம்பரம் வருகிறது. கடல் செய்திக்கு ஒரு பைசா கிடையாது. காற்றுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 24

அறுவடை நேரத்தில் மழை. ஆறரைக்கு உட்கார்ந்தால் போன் ஓயவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்களாம். சாய்ந்த பயிரை இப்போதே அறுக்கலாமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து கலியபெருமாள் கேட்டார். வாரம் தவறாமல் கேட்கிற நேயர். அவர் வீட்டு வயலில்தான் என் அப்பா நாற்றுமுடி சுமந்தார். அவர் வீட்டு வாசல் வரைக்கும்தான் அப்பாவுக்கு அனுமதி. இப்போது அவர் "அம்மா, நீங்க சொல்லுங்க, செய்யுறேன்" என்கிறார்.

இதை விட்டுக்கொடுக்கச் சொன்னால் எப்படி? முடியாது. அவ்வளவுதான்.

ஜனவரி 29

வேதாரண்யத்திலிருந்து அஸார் போன். டிரான்ஸ்மிட்டரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். சர்வே கணக்கு அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"மேடம், போன மாசம் ரெண்டு நாள் மெஷின் படுத்துடுச்சு. குப்பத்துல அத்தனை பேரும் வந்து என்னைத் திட்டினாங்க. கேக்காதவங்க எதுக்கு மேடம் திட்டணும்? நீங்க ஒரு தடவ வந்து பாருங்க."

டவர் படம் ஒன்று அறிக்கைக்கு வேண்டும், வருகிறேன் என்றேன். படத்துக்குத்தான் போகிறேன்.

பிப்ரவரி 1, சனி

போயிருக்கவே கூடாது.

திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி, உப்பளங்களைத் தாண்டி இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. டவரைப் படம் எடுத்தேன். அஸார் விடவில்லை, குப்பத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். ராஜாத்தி என்ற பெண் வீட்டு வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வீரமணி ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருந்தான். சர்வேக்காரப் பெண் வந்தாளா என்று கேட்டேன்.

"வந்துச்சு. வீட்டுல ரேடியோ இருக்கான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். பாவம் வெயில்ல வந்த புள்ள, தண்ணி குடுத்து அனுப்புனேன்."

"உண்மையாவே இல்லையா?"

"வீட்டுல எதுக்குக்கா ரேடியோ? வீட்டுலதான் டிவி இருக்கே." ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தாள். "ரேடியோ படகுல இருக்கு."

அஸார் என் முகத்தைப் பார்க்கவில்லை. மரியாதைக்காரர். அவருக்கு இது முன்பே தெரியும், நான் என் காதால் கேட்க வேண்டும் என்றுதான் கூட்டிவந்திருக்கிறார்.

படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. ஒவ்வொன்றிலும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், பாலித்தீன் பை சுற்றி, நைலான் கயிற்றால் கட்டி, ஒரு ரேடியோ. எண்ண ஆரம்பித்தேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விடுமாம். இரவே கிளம்பிப் போய்விடுவதால் விடியற்காலைச் செய்தி வரும்போது நடுக்கடலில் இருப்பார்களாம். "வாடை கூடும்னு நீங்க சொன்னா அந்த எடத்துலயே வலைய வாங்கிட்டுத் திரும்பிடுவோம்" என்றான் வீரமணி. நான் சொல்வதில்லை, அது வேறு ஆள் என்றேன். "எல்லாம் ஒங்க ஆபீஸ்தானே" என்றான்.

நாலு மீனை வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார்கள். பஸ் முழுக்க என் பையைத்தான் முறைத்தது.

பிப்ரவரி 2

எழுதவில்லை.

பிப்ரவரி 4

இது யாருக்கும் தெரியாது. அஸாருக்குத் தெரியும், ஆனால் அவர் இன்ஜினியர். நேயர் கணக்கில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. தெரிந்து, எழுதவும் கூடிய ஒரே ஆள் நான்.

ரேடியோ இருப்பது படகில். கேள்வி கேட்டது வீட்டில். எவ்வளவு சாதாரணமான விஷயம்! டெல்லிக்காரர்களுக்குத் தோன்றாது, சரி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஏன் தோன்றவில்லை? பயன் என் பக்கம் வந்ததால் தோன்றவில்லை. வேறென்ன.

பிப்ரவரி 6

அஸார் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. எடுத்து என்னத்தச் சொல்றது?

பிப்ரவரி 7

இன்று கலியபெருமாளிடம், நிகழ்ச்சி முடிந்தபின் லைனை வைக்காமல், கேட்டேன்: "ஐயா, உங்க வீட்டு ரேடியோவுல நம்ம நிலையம் தெளிவா எடுக்குதா?"

"ரேடியோ பரண் மேல கிடக்குதும்மா. நீங்க பேசுறத மருமக போன்ல போட்டுவிடும். சாப்பிட்டுட்டு நிதானமா கேப்பேன். சர்வேக்கு வந்த பொண்ணுகிட்டகூட ரேடியோ இருக்குன்னுதானே சொன்னேன்? பரண்ல இருந்தாலும் இருக்குதானே!"

சிரித்தார். நானும் சிரித்தேன். ரேடியோ இருக்கிற வீட்டில் ரேடியோ கேட்கவில்லை. இல்லாத வீட்டில் உயிரைக் கட்டிவைத்துக் கேட்கிறார்கள். இந்தக் கணக்கைத்தான் அச்சடித்து நாடாளுமன்றத்தில் வைக்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 11

இரண்டையும் காப்பாற்ற வழி உண்டா என்று சாரிடம் கேட்டுப் பார்த்தேன். "உத்தரவுல 'அல்லது'ன்னு இருக்கும்மா. 'மற்றும்'னு மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

வீட்டில் கணவர் அன்பரசனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எழுதலன்னா உனக்குத் தூக்கம் வராது. எழுதுனா சாயங்காலம் ஆறரைக்கு நீ வீட்டுல இருப்ப, எனக்கு நிம்மதி வராது" என்றார். கிண்டல் செய்கிற நேரமா இது? கத்திவிட்டேன். அவர் எழுந்து போய் என் தட்டைக் கழுவி வைத்தார்.

சுவேதா தன் அறையிலிருந்து, "அம்மா, ஒன்னு சொன்னா திட்டக்கூடாது. நான் உன் புரோகிராம் ஒருநாள்கூடக் கேட்டதில்ல" என்றாள். திட்டினேன்.

பிப்ரவரி 13

நாளை கடைசி நாள். எழுதிவிட்டேன். கடற்கரைக் கணக்கு தவறு, ஏன் தவறு, எங்கே போய்க் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம். எதைக் கைவிடலாம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். கை வரவில்லை.

பிப்ரவரி 14

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்குறியேம்மா. அது தெரியுதா உனக்கு?"

தெரிகிறது என்றேன்.

"ஒரு பக்கம் எழுதிட்டா ஆச்சா? ஆதாரம் எங்க? நேர்ல பார்த்தேன்னு சொன்னா டெல்லியில சிரிப்பாங்க." கோபத்தில் எழுந்தவர் கதவு வரை போய்த் திரும்பினார். "டெல்லியில ஒரு வாரம் அவகாசம் கேக்குறேன். அதுக்குமேல என்னைக் கேக்காத."

இந்த மனுஷரை இத்தனை நாளும் தொடைநடுங்கி என்றே நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 19

வேதாரண்யத்திலேயே தங்கல். அஸாரிடம் போன் எடுக்காததற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "டீ சாப்பிடுங்க மேடம்" என்று அடைத்துவிட்டார். படகு கரையேறும் இடத்தில் நின்று ஒவ்வொருவராகக் கேட்கிறோம். ராஜாத்தி எங்களுக்கு முன்னால் போய், "பொய் சொல்லாதீங்கப்பா, இவங்க போன தடவ மீன் வாங்கிட்டுப் போனவங்க" என்று அறிமுகம் செய்கிறாள். படகுக்கு ஒரு படம், கட்டிய ரேடியோவோடு. இரண்டு பேர் மட்டும் இல்லை என்றார்கள். அதில் ஒருவருடையது ரிப்பேர்.

பிப்ரவரி 21

அனுப்பியாகிவிட்டது. காலி இடம் காலியாகவே.

மார்ச் 5

வீடியோவில் ஆய்வுக் கூட்டம். டெல்லியில் ஒரு அதிகாரி அம்மா. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. பாலித்தீன் சுற்றிய ஒரு ரேடியோவைப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். சர்வேயில் என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டார். இல்லை என்று சொன்னவரிடம், அப்படியானால் உங்கள் ரேடியோ எங்கே இருக்கிறது என்று இரண்டாவதாக ஒரு கேள்வி வேண்டும் என்றேன். குறித்துக்கொண்டார்.

பிறகு, "அப்படியென்றால் நீங்கள் எதைக் கைவிடப் பரிந்துரைக்கிறீர்கள்? இந்த இடம் காலியாக இருக்கிறதே" என்றார்.

சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் திறந்தே இருந்தது. நடுக்கடலில் விடியற்காலையில் அந்தப் பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல் மட்டும் வருவதை நினைத்துக்கொண்டேன்.

வயல் நேரம் என்றேன்.

யாருடைய நிகழ்ச்சி அது என்று அவர் கேட்டார். ஒரு ஊழியருடையது என்று சார் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

மார்ச் 31, திங்கள்

கடைசி நிகழ்ச்சி. நிறுத்தப்போவதை ஒலிபரப்பில் சொல்லக்கூடாது என்று உத்தரவு. உளுந்தில் சாம்பல் நோய், கோடை உழவு, இரண்டு போன். முடிக்கும்போது பழக்கதோஷத்தில், "நாளை இதே நேரம் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியே விட்டேன்.

ஏப்ரல் 1

ஆறரைக்கு சென்னையிலிருந்து ஒருவர் மாடித் தோட்டம் பற்றிப் பேசினார். கலியபெருமாள் போன் செய்தார். "நாளைக்குச் சந்திப்போம்னீங்களே?" எனக்கு விளம்பரக் கணக்குப் பிரிவில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஜன்னல் பக்கம்.

மே 30

சார் ஓய்வு பெற்றார். எல்லோருக்கும் அவர் செலவில் டீ. பயந்துகொண்டே குடித்தோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராஜாத்தி பேசினாள். படகில் அலை ஏறி ரேடியோவுக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டதாம். கடையில் கேட்டால் அந்த மாதிரிப் பெட்டி இப்போது வருவதே இல்லையாம். "அவர் ரெண்டு நாளா பக்கத்துப் படகு ஒட்டியே போறாரு. அவங்க திரும்புனா இவரும் திரும்புறாரு."

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒன்று இருக்கிறது. நான் முதன்முதலாகப் பேசிய அன்று, என் குரலைக் கேட்பதற்காக அப்பா வாங்கியது. ஏப்ரலிலிருந்து அதை யாரும் போடவில்லை. துடைத்தேன். புது பேட்டரி போட்டேன். அப்பா பேனாக்கத்தியால் பின்பக்கம் கீறிய என் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தேன். அஸாரிடம் கொடுத்தனுப்பினேன்.

அந்த அலமாரி இடத்தில் சுவேதா மிக்ஸி ஜாரை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை விட்டிருந்தது. வாசலில் டேப்போடு ஒரு பெண். காலெல்லாம் சேறு. வானொலிக் கணக்கெடுப்பாம். நான் யார் என்று சொல்லவில்லை.

"ஆன்ட்டி, வீட்டுல ரேடியோ இருக்கா?"

"இல்லம்மா."

அவள் அடுத்த வீட்டைப் பார்த்தாள். நானும் உள்ளே திரும்பிவிட்டேன். "இருங்க ஆன்ட்டி, இன்னொரு கேள்வி இருக்கு" என்று கூப்பிட்டாள். "அப்ப உங்க ரேடியோ எங்க இருக்கு?"

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வேதாரண்யத்துல. கடல்ல."

என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு டேப்பில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள்.

"படகுன்னு ஒன்னு இருக்கு ஆன்ட்டி. அதப் போடவா?"

"போடும்மா" என்றேன். உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.